வராத எதிரிக்காகத் திறந்து வைத்த சாலை

இரண்டாம் உலகப் போரின் விநோத வில்லன்கள்: நியூயார்க் காமிக்ஸ் முதல் பழனி கிரிவீதி வரை

கொடைக்கானலில் இருந்து பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். காலையில் மோயர் பாயிண்ட் பக்கம் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். உள்ளே விட்டுவிட்டால் பைன் மரங்களும் சோலைக்காடும் மாறி மாறி வரும். மூடுபனி விலகினால் பள்ளத்தாக்கு தெரியும், விலகாவிட்டால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும். ஏரியைப் பார்த்து, போட்டோ எடுத்து, பெரும்பாலோர் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். ஆனால் பாதை அங்கே முடிவதில்லை. ஏரிக்கு அப்பால், வந்தரவு சிகரத்தின் கீழாக, டாப் ஸ்டேஷன் வழியே மூணாறு வரைக்கும் ஒரு பழைய தடம் காட்டுக்குள் கிடக்கிறது. கொடைக்கானலில் இருந்து மூணாறுக்கு 81 கிலோமீட்டர். உச்சியில் சுமார் 2,480 மீட்டர் உயரம். 1990 முதல் வண்டிப் போக்குவரத்து நின்றுவிட்டது. இப்போது அதில் காட்டுமாடுகள்தான் நடக்கின்றன. அந்தத் தடத்துக்குக் கொடைக்கானலில் இன்றும் பெயர் 'எஸ்கேப் ரோடு'.

யாரிடம் இருந்து தப்பிக்க? ஜப்பான்காரனிடம் இருந்து. 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்த பாதைதான் இது. 1942இல் இதைச் சீர்செய்து வைத்தார்கள். ஜப்பான் படை சென்னைக் கரையில் இறங்கிவிட்டால், மலைமேல் இருக்கிற வெள்ளைக்காரக் குடும்பங்கள் சமவெளிக்கு இறங்காமலே மூணாறுக்குப் போய், அங்கிருந்து கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறிவிடலாம் என்பது ஏற்பாடு. ஜப்பான்காரன் வரவில்லை. சாலை மட்டும் அவனுக்காகக் காத்திருந்தது.

முதல் தடவை இந்தக் கதையைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவை பழைய காமிக்ஸ் புத்தகங்கள். எதிரி இன்னும் கண்ணில் படவில்லை, அதற்குள் அவனுக்கு ஒரு முகம் வரைந்தாகிவிட்டது, அந்த முகத்தைப் பார்த்து ஓட ஒரு சாலையும் போட்டாகிவிட்டது. கொடைக்கானலில் அந்தப் பயம் கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது. அதே ஆண்டில் நியூயார்க்கில் அது மலிவுக் காகிதத்தில், நான்கு வண்ணத்தில், பிரதி 10 சென்ட் விலைக்கு அச்சாகிக்கொண்டிருந்தது.

1942 ஏப்ரலில் இங்கே என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு அன்று, ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9ஆம் தேதி திருகோணமலை. சென்னையில் அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. ஜனங்கள் கிடைத்த ரயிலில் ஏறினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடுமே என்று, சென்னை மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலி முதலான மிருகங்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்த மாதம் சென்னையில் குண்டு எதுவும் விழவில்லை. கூண்டுக்குள் இருந்தவைதான் செத்தன.

அதே ஏப்ரல் மாதத் தேதியிட்டு அமெரிக்காவில் வந்த 'சென்சேஷன் காமிக்ஸ்' 4ஆம் இதழில் 'வொண்டர் உமன்' கதைக்குப் பவுலா வான் குந்தர் என்ற நாஜி உளவுக்காரி வில்லியாக வந்து சேர்ந்தாள். அவளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் படித்த அத்தனை போர்க்கால வில்லன்களிலும் நம் ஊருக்கு நெருங்கியவள் அவள்தான்.

செர்ரிப் பழத்தில் பிறந்த மண்டை ஓடு

அமெரிக்கா போரில் இறங்கியது 1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு. காமிக்ஸ்காரர்கள் அதற்கு ஓராண்டு முன்பே இறங்கிவிட்டார்கள். 'கேப்டன் அமெரிக்கா' முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. அட்டையில் கதாநாயகன் ஹிட்லரின் தாடையில் குத்துகிறான். கிட்டத்தட்ட 10 லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். அதை உருவாக்கிய ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவருமே யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கிர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பர்க். ஐரோப்பாவில் தங்கள் இனத்துக்கு என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்க அரசாங்கம் இன்னும் நடுநிலை பேசிக்கொண்டிருந்தது. அந்த அட்டைக்காக அவர்களுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. நியூயார்க் மேயர் லகார்டியாவே போன் செய்து தைரியம் சொன்னதாக சைமன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த முதல் இதழிலேயே வந்த வில்லன் ரெட் ஸ்கல், சிவப்பு மண்டை ஓட்டுக்காரன். அவன் பிறந்த விதம் விசித்திரமானது. ஐஸ்கிரீம் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம் சைமன். உருகி வழியும் சாக்லேட் கை கால் போலவும், உச்சியில் வைத்த செர்ரிப் பழம் சிவப்பு மண்டை போலவும் தெரிந்ததாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கதையின் முடிவு. முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பவன் ஜெர்மானியன் அல்லன், ஜார்ஜ் மேக்ஸன் என்ற அமெரிக்க விமானத் தொழிலதிபர். நாஜிகளுக்கு விலைபோனவர். எதிரி கடலுக்கு அப்பால் மட்டும் இல்லை, உங்கள் தெருவிலும் இருக்கிறான் என்று இரண்டு இளைஞர்கள் தங்கள் நாட்டுக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் கிர்பி பின்னால் ராணுவத்தில் சேர்ந்து, 1944இல் பிரான்சுக்குப் போய், சேற்றிலும் பனியிலும் கால் அழுகும் நிலைக்கு வந்து திரும்பினார். வரைந்த எதிரியை நேரில் போய்ப் பார்த்தவர் அவர்.

அடுத்த வகை வில்லன் கேப்டன் நாஜி. 1941 டிசம்பர் தேதியிட்ட 'மாஸ்டர் காமிக்ஸ்' 21ஆம் இதழில் வந்தவன். ஹிட்லரின் 'உயர்ந்த இனம்' என்ற பேச்சையே உடம்பாக்கி நிறுத்தினார்கள்: பொன்முடி, நீலக்கண், புலிபோல் பலம், ஈவிரக்கமில்லாத மனம். அவன் ஒரு கிழவரைக் கொன்று, உடன் இருந்த பேரனை ஊனமாக்குகிறான். அந்தப் பையன் பிரெடி ஃப்ரீமேன்தான் 'கேப்டன் மார்வெல் ஜூனியர்' ஆகிறான். வீரனாக இல்லாத நேரமெல்லாம் ஊன்றுகோலோடு நடக்கும் கதாநாயகன். போரில் அடிபட்டவர்கள் தெருவில் நடமாடிய காலத்தில் அந்த ஊன்றுகோலுக்கு ஒரு அர்த்தம் இருந்தது.

ஆனால் போர்க்கால வில்லன்களில் எனக்கு மிகப் பிடித்தவன் ஒரு புழு.

1943 மார்ச் தேதியிட்ட 'கேப்டன் மார்வெல் அட்வென்ச்சர்ஸ்' 22ஆம் இதழில் ஒரு தொடர்கதை தொடங்குகிறது. பெயர் 'தீமையின் ராட்சதர் சங்கம்'. எழுதியவர் ஓட்டோ பைண்டர், ஓவியம் சி.சி. பெக். உலகத்து வில்லன்களை எல்லாம் ஒருவன் திரட்டிவிட்டான். கேப்டன் நாஜி அதில் இருக்கிறான். ஹிட்லரும் முசோலினியும் தோஜோவும்கூட அதில் வெறும் உறுப்பினர்கள்தான்! தலைவன் பெயர் மிஸ்டர் மைண்ட். அவனை யாரும் பார்த்ததில்லை. வானொலியில் குரல் மட்டும் வரும். கட்டளை வரும். நகரங்கள் அழியும். அத்தியாயம் அத்தியாயமாகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்: எப்பேர்ப்பட்ட பூதமாக இருப்பான்? கடைசியில் தெரிந்தது. இரண்டு அங்குலம்கூட இல்லாத ஒரு பச்சைப் புழு. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறது. கழுத்தில் குரலைப் பெருக்கும் சின்ன ரேடியோப் பெட்டி.

சிரிப்பு வருகிறது. கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். வானொலிப் பெட்டியில் ஒரு குரல் கத்தி, அந்தக் கத்தலில் ஒரு நாடே எழுந்து அடுத்த நாட்டின் மேல் பாய்ந்த காலம் அது. அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கும் ஆள் எவ்வளவு பெரியவன் என்று உலகமே நடுங்கியபோது, பைண்டரும் பெக்கும் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பயங்கரம் எல்லாம் ஒலிபெருக்கியில் இருந்தது. 25 அத்தியாயங்கள் ஓடிய தொடரின் முடிவு அதைவிட அழகு. புழுவைக் காலால் நசுக்கிவிடலாம். நசுக்கவில்லை. கூண்டில் ஏற்றி நீதிமன்ற விசாரணை நடத்துகிறார்கள். 1,86,744 பேரைக் கொன்ற குற்றம் நிரூபணமாகி, மின்சார நாற்காலியில் தண்டனை நிறைவேறுகிறது. அந்தக் கடைசி அத்தியாயம் வந்த 46ஆம் இதழின் தேதி 1945 மே. ஜெர்மனி சரணடைந்ததும் அந்த மே மாதம்தான். நியூரம்பர்க் நீதிமன்றம் கூட இன்னும் அரை ஆண்டு இருந்தது.

அதே புத்தகங்களில் வந்த இன்னொருவன் டாக்டர் சிவானா. மொட்டைத் தலை, கனத்த கண்ணாடி, உலகை ஆளத் துடிக்கும் பைத்தியக்கார விஞ்ஞானி. 1940இல் 'விஸ் காமிக்ஸ்' மூலம் வந்தவன். 2019இல் வந்த 'ஷாஸாம்' படத்தில் பார்த்திருப்பீர்கள். அவனுக்குப் பெயர் வைத்த பில் பார்க்கர், 'சிவன்', 'நிர்வாணம்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து அந்தப் பெயரைச் செய்தார். பழனியில் சிவகிரியின் மேல் சிவன் மகன் நிற்கிறான். அந்த மலையடிவாரத்தில் வளர்ந்த ஒருவருக்கு இந்தச் செய்தி எப்படி இருக்கும்? எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. நம் சாமி பெயர் அவர்களுக்குக் கெட்டவன் பெயராக ஒலித்திருக்கிறது. தெரியாத கிழக்கு என்றாலே மர்மம், மர்மம் என்றாலே ஆபத்து. அந்தக் கணக்கு போருக்கு முன்பே போட்டு வைத்திருந்த கணக்கு. 1913இலேயே சாக்ஸ் ரோமர் என்ற ஆங்கில எழுத்தாளர் 'ஃபூ மாஞ்சு' என்ற சீன வில்லனைப் படைத்துப் பெரும் புகழ் பெற்றிருந்தார். 1939 டிசம்பர் தேதியிட்ட 'சில்வர் ஸ்ட்ரீக்' முதல் இதழில் ஜாக் கோல் வரைந்த 'தி க்ளா' அதன் நீட்சி. மலையளவு உடம்பு, கோரைப்பல், நீண்ட நகம். பேர்ல் ஹார்பருக்கு இரண்டு ஆண்டு முன்பே கிழக்கத்திய ராட்சதன் தயாராக இருந்தான். ஜப்பான் குண்டு போட்டதும் அந்தச் சட்டையை ஜப்பான்காரனுக்கு மாட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். நாஜிக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு முகம் இருந்தது, நல்ல ஜெர்மானியன் என்று ஒருவன் அதே கதையில் வருவதும் உண்டு. ஜப்பானியனுக்கு மட்டும் எல்லாக் கதையிலும் ஒரே முகம்: துருத்திய பல், மஞ்சள் தோல், சில சமயம் பாம்பின் நாக்கு. 1943இல் வந்த 'பேட்மேன்' திரைத் தொடரின் 15 பகுதிகளிலும் வில்லன் டாக்டர் டாக்கா என்ற ஜப்பானிய உளவாளிதான். போர்ப் பத்திரம் வாங்கினால் ஜப்பானியனை அறைந்த மாதிரி என்று சூப்பர்மேன் இதழின் அட்டையிலேயே சொன்னான். 1943இல் எழுத்தாளர் போர் வாரியம் காமிக்ஸுக்கென்றே தனிக் குழு அமைத்து, எதிரியை எப்படிக் காட்ட வேண்டும் என்று பதிப்பாளர்களுக்கு யோசனை கொடுத்தது. வாரியம் தனியார் அமைப்புதான், ஆனால் அரசாங்கத்தோடு கைகோத்து வேலை செய்தது. அந்தக் கோரைப்பல் படங்களை வீட்டில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஓர் ஆணையால், அமெரிக்காவிலேயே வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1988இல்தான் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. கோட்டோவியம்தானே, பொழுதுபோக்குதானே என்று என்னால் அதைத் தள்ளிவிட முடியவில்லை. பத்து வயதுப் பையன் ஒரு முகத்தை ஐம்பது தடவை ராட்சதனாகப் பார்த்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரன் பெட்டியோடு லாரியில் ஏறும்போது அவனுக்கு எதுவும் உறுத்தாது.

ஒரே முகம் வரைய முடியாத ஊர்

1943இல் ஒரு தமிழ் ஓவியரிடம் போய், 'ஜப்பான்காரனை வரையுங்கள்' என்று கேட்டிருந்தால் அவர் எப்படி வரைந்திருப்பார்?

கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டவன் ஜப்பான்காரன். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய், சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கியவன் ஜப்பான்காரன். 415 கிலோமீட்டர் பாதை. காலரா, மலேரியா, பட்டினி, அடி. பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டிலேயே புதைந்தார்கள். கோரைப்பல் வரைந்த எந்த அமெரிக்க ஓவியனும் அந்தத் தோட்டத் தொழிலாளியை வரையவில்லை. அதே மலேயாவில், அதே 1943இல், நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபோது ஓடிப்போய்ப் படையில் சேர்ந்தவர்களும் தமிழர்கள்தான். கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கிய பெண்களில் பலர் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தவர்கள். அந்தப் படைக்குத் துணை நின்றவனும் ஜப்பான்காரன். ஒரே தோட்டத்தில் இருந்து அண்ணன் ரயில் பாதைக்கும் தங்கை ராணிப் படைக்கும் போயிருக்கக்கூடிய காலம் அது. கொடைக்கானல் மலைமேல் தப்பிக்கும் சாலையைச் சீர்செய்தவனோ வெள்ளைக்காரன். அவனை 1942 ஆகஸ்ட்டில் 'வெளியேறு' என்று சொல்லி ஊர் ஊராகச் சிறை போனவர்களும் நாம்தான்.

இத்தனைக்கும் ஒரு முகம் போதாது. அதனால்தானோ என்னவோ, உலகப் போர் நமக்கு விட்டுச் சென்ற வில்லன் ஓவியமாக வரவில்லை, ஒரு சொல்லாக வந்தான்.

அதுவும் முதல் உலகப் போரிலேயே வந்துவிட்டான். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்' சென்னைக் கரைக்கு அருகில் வந்து சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்துப் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. வெள்ளைக்காரன் முழுக்கச் சுதாரிப்பதற்குள் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. ஒரு குண்டு தாக்கிய இடத்தில், உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில், இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கேப்டன் கார்ல் வான் முல்லர் மூன்று புகைபோக்கி உள்ள தன் கப்பலுக்கு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டி, பிரிட்டிஷ் கப்பல்போல வேஷம் போட்டுக்கொண்டு வங்காள விரிகுடா முழுக்கச் சுற்றினார். பிடித்த கப்பல்களின் ஆட்களைக் கௌரவமாக நடத்தி அனுப்பினார். நவம்பர் 9இல் கோகோஸ் தீவு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதைச் சுட்டு வீழ்த்தியது. அதற்குள் பெயர் ஊருக்குள் இறங்கிவிட்டது.

'அவன் பெரிய எம்டன்டா.' அப்பாவைப் பற்றி, கணக்கு வாத்தியாரைப் பற்றி, யாரும் ஏமாற்ற முடியாத மளிகைக்கடை முதலாளியைப் பற்றி நாம் இதைச் சொல்கிறோம். பயம் இருக்கிறது, வெறுப்பு இல்லை. கொஞ்சம் மெச்சுதலும் சேர்ந்திருக்கிறது. நம் ஊரில் குண்டு போட்டு, ஆளைக் கொன்று, நகரத்தைக் காலி பண்ண வைத்த எதிரி. ஆனால் அசைக்க முடியாது என்றிருந்த வெள்ளைக்காரனை அரை மணி நேரத்தில் திணற வைத்தவன். அந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் வைக்கத் தமிழுக்குத் தெரிந்திருந்தது. 2006இல் 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்த படம், தமிழ்ப் பெயருக்குத்தான் வரிவிலக்கு என்ற விதியால் 'எம் மகன்' ஆனது. தொண்ணூறு ஆண்டு நம் வாயில் புழங்கிய சொல்லைத் தமிழ் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சூப்பர்மேனைச் செய்தவர் சிவகாசிக்கு வந்த வழி

எங்கள் தலைமுறைக்குக் காமிக்ஸ் வந்தது சிவகாசியில் இருந்து. முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும் புத்தகத்தைக் காசு சேரும்வரை தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்த பையன்களில் நானும் ஒருவன். அதில் எங்களைப் பைத்தியமாக்கியவன் ஸ்பைடர். அமெரிக்க ஸ்பைடர்மேன் வேறு. இவன் கூர்மையான காது, கறுப்பு உடை, வலை சுடும் துப்பாக்கி, முதுகில் பறக்கும் கருவியோடு வரும் பிரிட்டிஷ் காமிக்ஸ்காரன். லண்டனில் 1965இல் 'லயன்' என்ற வார இதழில் டெட் கோவன் தொடங்கிய கதை, ஓவியம் ரெக் பன். குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்பதே அவன் லட்சியம். ஸ்காட்லாந்தில் இருந்து ஒரு கோட்டையைக் கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டுபோய் அமெரிக்காவில் கட்டி உட்கார்ந்திருப்பான். வில்லன்தான் கதாநாயகன். தன்னைவிடப் பெரிய வில்லன் இருக்கக்கூடாது என்ற கர்வத்தில் மற்ற வில்லன்களை ஒழிக்கத் தொடங்கி, மெல்ல மெல்ல நியாயத்தின் பக்கம் வந்து சேர்வான். தமிழில் அவன் கதைக்கு 'எத்தனுக்கு எத்தன்' என்று தலைப்பு வைத்தார்கள். இதைவிடப் பொருத்தமான தலைப்பு ஆங்கிலத்தில் கிடையாது.

பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. கோவனுக்குப் பிறகு ஸ்பைடருக்குக் கதை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல்! 1938இல் ஓவியர் ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் 130 டாலருக்குக் கொடுத்துவிட்டவர். 1940 பிப்ரவரியில் 'லுக்' பத்திரிகையில், சூப்பர்மேன் போரை எப்படி முடிப்பான் என்று இரண்டு பக்கத்தில் ஒரு கதை வந்தது. ஹிட்லரையும் ஸ்டாலினையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஜெனீவாவில் நிறுத்துகிறான். ஏப்ரலில் ஹிட்லரின் எஸ்.எஸ். படை நடத்திய பத்திரிகை, சீகல் யூதர் என்பதைச் சொல்லிக் கேவலமாக ஏசி எழுதியது. நிஜ நாஜிகளே ஒரு காமிக்ஸ் எழுத்தாளரைப் பார்த்துக் கொதித்தார்கள். அப்புறம் அமெரிக்கா போருக்குப் போனபோது ஒரு சிக்கல் வந்தது. சூப்பர்மேன் நினைத்தால் ஒரே நாளில் போர் முடிந்துவிடும், நிஜத்தில் முடியவில்லையே, செத்துக்கொண்டிருக்கும் சிப்பாயின் தம்பிக்கு என்ன பதில் சொல்வது? அதனால் 1942 பிப்ரவரியில் கிளார்க் கென்ட்டை ராணுவக் கண் பரிசோதனையில் தோற்க வைத்தார்கள். ஊடுருவிப் பார்க்கும் கண்ணால், தெரியாமல் அடுத்த அறை அட்டையைப் படித்துவிட்டான். சீகல் கண் பரிசோதனையில் தோற்கவில்லை. 1943இல் ராணுவத்துக்குப் போனார். திரும்பி வந்து, உரிமைக்காக வழக்குப் போட்டு, வேலை இழந்து, வறுமையில் இருந்தவருக்கு 60களில் கிடைத்த வேலைகளில் ஒன்று லண்டன் வார இதழுக்கு ஸ்பைடர் கதை எழுதுவது.

இயந்திர மனிதர்களின் பேரரசன் போல அவர் உருவாக்கிய வில்லன்களை நாங்கள் தமிழில் படித்தோம். போர்க்கால வில்லன்களின் விநோதம் அத்தனையும் அவர்களிடம் இருந்தது. ஒன்று மட்டும் குறைந்திருந்தது: எந்த நாட்டுக்காரனின் முகமும் அவர்களுக்கு இல்லை. தன் இனம் ராட்சதனாக வரையப்படுவது எப்படி இருக்கும் என்று அறிந்தவர் அப்படித்தான் எழுதுவார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. அவரே அப்படிச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை.

இடும்பனைத் தாண்டித்தான் மேலே போகணும்

தீபாவளிக்கு லயன் மலர் வரும். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் கந்த சஷ்டி. அந்த வாரம் பழனியில் அத்தை வீட்டில் இருப்போம். பகலில் திண்ணையில் ஸ்பைடர், மாலையில் கிரிவீதியில் சூரசம்ஹாரம். வடக்குக் கிரிவீதியில் யானைமுகத் தாரகாசுரன். கிழக்கில் பானுகோபன். தெற்கில் சிங்கமுகாசுரன். மேற்கில் சூரபத்மன். மலைபோல் பெரிய பொம்மைகள், உருட்டி விழிக்கும் கண்கள், கோரைப்பற்கள். நான் ஒளித்து வைத்திருக்கிற புத்தகத்தின் பக்கங்களே தெருவுக்கு இறங்கி வந்துவிட்ட மாதிரி இருக்கும். கூட்டத்தில் மாமாவின் தோளில் உட்கார்ந்து, சின்னக்குமாரசுவாமி ஒவ்வொரு வீதியாக வந்து வேல் விடுவதைப் பார்ப்பேன்.

நம் கதையிலும் எதிரிக்கு மிருக முகம்தான். அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் கதை வேல் பாய்ந்த இடத்தில் முடிவதில்லை. மாமரமாகி நின்ற சூரன் இரண்டாகப் பிளந்து மயிலாகவும் சேவலாகவும் ஆகிறான். ஒன்று முருகனைச் சுமக்கிறது, ஒன்று கொடியில் நிற்கிறது. சூரனைக் கொன்றவனுக்குச் சூரன் இல்லாமல் உருவமே இல்லை.

பழனிக்கென்று இன்னொருவன் இருக்கிறான். அகத்தியர் சொல்லி இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு தெற்கே வந்த அசுரன் இடும்பன். ஆவினன்குடி பக்கம் இறக்கி வைத்து இளைப்பாறிவிட்டுத் தூக்கினால் ஒரு மலை அசையவில்லை. மேலே கோவணத்தோடு ஒரு பையன் நிற்கிறான். சண்டை. இடும்பன் விழுகிறான். இடும்பியும் அகத்தியரும் வேண்ட, முருகன் எழுப்புகிறான். எழுந்தவன் கேட்டது இரண்டு வரம்: என்னைப்போல் காவடி தூக்கி வருகிறவர்களுக்கு அருள் செய்ய வேண்டும், நான் உன் வாசலில் காவலாக நிற்க வேண்டும். இன்றும் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரையாக வருகிற லட்சக்கணக்கான ஜனங்கள் தோளில் சுமப்பது ஓர் அசுரனின் காவடியைத்தான்.

முன்பு நிறுத்தி வைத்த பவுலா வான் குந்தருக்கு வருகிறேன். 'வொண்டர் உமன்' கதையை எழுதியவர் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியல் அறிஞர். கொலை, நாசவேலை, சதி என்று இதழுக்கு இதழ் திரும்பி வந்த பவுலாவின் கதையை 1943இல் அவர் திருப்பினார். அவளுடைய சின்னப் பெண் கெர்ட்டாவை நாஜிகள் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவள் செய்தது எல்லாம் அந்தப் பிள்ளைக்காக. வொண்டர் உமன் பிள்ளையை மீட்டுக் கொடுக்கிறாள். அன்றிலிருந்து பவுலா அவள் பக்கத்தில் நின்று வேலை செய்யும் விஞ்ஞானி ஆகிறாள். இன்னும் இரண்டு ஆண்டு போர் பாக்கி இருக்கும்போது, அமெரிக்கப் பிள்ளைகள் கையில் கொடுத்த புத்தகத்தில், ஒரு நாஜி வில்லியை எழுப்பி வாசலில் நிறுத்திய கதை. போர்க்காலக் காமிக்ஸ் முழுவதிலும் நான் இதை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன்.

பழனி மலைப்படியில் பாதி வழியில் இடும்பன் சந்நிதி வரும். வயசான காலத்திலும் அத்தை யானைப் பாதையில் போகமாட்டாள், படியில்தான் ஏறுவாள். மூச்சு வாங்க அந்த இடத்துக்கு வந்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையில் ஸ்பைடர் புத்தகத்தோடு முன்னால் ஓடும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவாள்.

"எங்க ஓடற? மொதல்ல இடும்பனைக் கும்பிட்டுக்கோ கண்ணு. அப்பறம் மேல போலாம்."